4 ஓம் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்? 35 வாட் வால்வா, 60 வாட்டா, 200 வாட் கிளாஸ் டியா?

அலைவரிசை:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒரு ஜோடி நல்ல ஃப்ளோர்ஸ்டாண்டிங் ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன், மூன்று வழி (பேஸ், நடு, ட்ரெபிள் மூன்றுக்கும் தனித்தனி டிரைவர்), ஒவ்வொன்றிலும் இரண்டு வூஃபர். பிராண்டு பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் பேச்சு முழுக்க அந்தப் பிராண்டைச் சுற்றியே போய்விடும், எனக்கு வேண்டியது ஆம்ப் பற்றிய யோசனை.

விவரங்கள் இவ்வளவுதான். சென்சிடிவிட்டி, அதாவது 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளந்த சத்தம், 86 டெசிபெல். நாமினல் இம்பீடன்ஸ் (கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பின் பொதுவான அளவு) 4 ஓம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு விமர்சனத்தில் அளந்து வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்தால் 110 ஹெர்ட்ஸில் 2.9 ஓம் வரை இறங்குகிறது, 70 ஹெர்ட்ஸ் பக்கம் 4 ஓம், அந்த இடத்தில் ஃபேஸ் ஆங்கிள் மைனஸ் 45 டிகிரி. 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 20 ஓம் வரை ஏறுகிறது. இந்த ஃபேஸ் விஷயம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, யாராவது புரியும்படி சொன்னால் நன்றாக இருக்கும்.

நான் உட்காரும் இடம் ஸ்பீக்கரில் இருந்து 3 மீட்டர். கத்த வைத்துக் கேட்கும் பழக்கம் இல்லை, ஆனால் மிருதங்கத் தனி ஆவர்த்தனமோ பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோ வந்தால் கொஞ்சம் ஏற்றித்தான் கேட்பேன்.

கையில் இருக்கும் தேர்வுகள் நான்கு. ஒன்று, ஈஎல்34 வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும் (புஷ்-புல்) இன்டகிரேட்டட், அதாவது வால்யூமைப் பார்க்கும் ப்ரீ ஆம்ப்பும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில், 35 வாட். இரண்டு, வழக்கமான டிரான்சிஸ்டர் வகையான கிளாஸ் ஏபி இன்டகிரேட்டட், 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 130 வாட். மூன்று, இன்னொரு கிளாஸ் ஏபி, 8 ஓமில் 60 தான், ஆனால் 4 ஓமில் 120. தூக்கவே முடியாத கனம். நான்கு, டிரான்சிஸ்டர்களை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடும் கிளாஸ் டி பவர் ஆம்ப், 8 ஓமில் 200, 4 ஓமில் 400. இதை எடுத்தால் டிஏசியை (டிஜிட்டல் இசையை அனலாகாக மாற்றும் பெட்டி) நேராக அதில் செருகிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கடைக்காரர் 300 வாட்டுக்குக் கீழே யோசிக்கவே வேண்டாம் என்கிறார். நண்பர் ஒருவர் வால்வு தவிர வேறெதுவும் இசையே இல்லை என்கிறார். இரண்டு பேருமே காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அதுதான் எனக்குச் சிக்கல்.

செப்புச்சுருள்:

வரைபடத்தோடு வந்து கேள்வி கேட்டதற்கே உங்களுக்கு ஒரு நன்றி. பாதிப் பேர் "4 ஓம், 86 டெசிபெல், எந்த ஆம்ப்?" என்று மட்டும் கேட்பார்கள், அதை வைத்துக்கொண்டு பதில் சொல்லவே முடியாது.

முதலில் வாட்ஸை ஓரமாக வைத்துவிட்டு வோல்டேஜில் இருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் ஆம்ப் உண்மையில் கொடுப்பது வோல்டேஜ், எவ்வளவு கரண்டை இழுப்பது என்பதை முடிவு செய்வது ஸ்பீக்கர். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட். உங்களுடைய 4 ஓமில் அதே 2.83 வோல்ட் 2 வாட் ஆகிவிடும். அதனால் உங்கள் ஸ்பீக்கரின் 86 டெசிபெல் என்பது 2 வாட்டுக்குக் கிடைப்பது, ஒரு வாட்டுக்கு 83 தான். விளம்பரத்தாளில் இந்த 3 டெசிபெல் எப்போதும் ஒளிந்துகொண்டிருக்கும், 8 ஓம் ஸ்பீக்கரையும் 4 ஓம் ஸ்பீக்கரையும் சென்சிடிவிட்டி எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

இப்போது உங்கள் இருக்கைக்கு வருவோம். ஓரளவு ஏற்றிக் கேட்கும்போது சராசரி 80 டெசிபெல் என்று வையுங்கள், வீட்டுக்குள் அது நல்ல சத்தம்தான். அதிகம் அமுக்கப்படாத ரெக்கார்டிங்கில் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல் வரை மேலே போகும், மிருதங்கத்தில் ஒரு அடி விழும் கணம் அப்படிப்பட்டது. ஆக இருக்கையில் 100 டெசிபெல் உச்சம் வேண்டும். 3 மீட்டர் தூரத்துக்கு, வெட்டவெளியாக இருந்தால் 9.5 டெசிபெல் குறையும், அறைக்குள் சுவர்கள் திருப்பித் தருவதால் சுமார் 6 என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதால் 3 டெசிபெல் திரும்பக் கிடைக்கிறது. அப்படியானால் ஒரு ஸ்பீக்கரிடம் 1 மீட்டரில் நாம் கேட்பது 103 டெசிபெல். 86-இல் இருந்து 103 வரை 17 டெசிபெல், அதாவது வோல்டேஜ் 7 மடங்கு, 2.83 கிட்டத்தட்ட 20 வோல்ட் ஆகிறது. 4 ஓமில் 20 வோல்ட் என்றால் 100 வாட்.

இந்த 20 வோல்ட்டை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைப் பாருங்கள். 8 ஓமில் 100 வாட் கொடுக்கும் இரண்டாவது ஆம்ப்புக்கு 28 வோல்ட் வரும், சரி, ஆனால் 4 ஓமில் 130 வாட் என்றால் அங்கே 22.8 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. மூன்றாவது, அந்த 60 வாட் ஆம்ப், 8 ஓமில் 21.9 வோல்ட், 4 ஓமில் 120 வாட் என்றால் அங்கேயும் அதே 21.9. கொஞ்சமும் தளரவில்லை. ஆக உங்கள் ஸ்பீக்கரில் "100 வாட்" ஆம்ப்புக்கும் "60 வாட்" ஆம்ப்புக்கும் உள்ள வித்தியாசம் அரை டெசிபெல்கூட இல்லை. பெட்டியில் உள்ள எண் ஏறக்குறைய இரண்டு மடங்கு, காதுக்கு வருவது ஒன்றுமே இல்லை.

அதோடு நிற்கவில்லை. 100-இல் இருந்து 130-க்கு மட்டும் ஏறும் ஆம்ப் 4 ஓமிலேயே மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். டிரான்ஸ்ஃபார்மரோ பவர் சப்ளையோ அவுட்புட் டிரான்சிஸ்டர்களோ ஏதோ ஒன்று அதன் எல்லைக்கு வந்துவிட்டது. உங்கள் ஸ்பீக்கர் அங்கிருந்து 2.9 ஓமுக்கு இன்னும் கீழே கூட்டிப்போகிறது. இந்த 20 வோல்ட் ஆர்எம்எஸ் கணக்கு, அதாவது ஒருவகைச் சராசரி; அலையின் முனையில் அது 28 வோல்ட், 2.9 ஓமில் கிட்டத்தட்ட 10 ஆம்பியர். அதைத் தட்டுத் தடுமாறாமல் கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

ஃபேஸ் ஆங்கிள் கேட்டிருந்தீர்கள். சாதாரண ரெசிஸ்டரில் வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஸ்பீக்கர் ரெசிஸ்டர் இல்லை, அதில் காயிலும் கெபாசிட்டரும் அசையும் கோனும் இருக்கின்றன, அதனால் கரண்டின் உச்சம் வோல்டேஜின் உச்சத்துக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளிப் போகிறது. வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் ஓடினால் டிரான்சிஸ்டரின் குறுக்கே மிச்சம் இருக்கும் வோல்டேஜ் குறைவு, சூடும் குறைவு. 45 டிகிரி தள்ளிப்போனால் டிரான்சிஸ்டரின் குறுக்கே நிறைய வோல்டேஜ் நிற்கிற அதே நேரத்தில் நிறைய கரண்டும் ஓட வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டால் கிளாஸ் ஏபி ஆம்ப்பில் டிரான்சிஸ்டர் மேல் விழும் உச்ச வெப்பச் சுமை கிட்டத்தட்ட 3 மடங்கு ஆகும். உங்கள் 70 ஹெர்ட்ஸில் இருக்கும் 4 ஓம், மைனஸ் 45 டிகிரி என்பது அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு ஒன்றரை ஓமுக்கும் கீழே உள்ள ரெசிஸ்டர் மாதிரி தெரியும். அதாவது வரைபடத்தில் மிகத் தாழ்ந்த புள்ளி 110 ஹெர்ட்ஸில் இருந்தாலும் ஆம்ப் உண்மையில் கஷ்டப்படும் இடம் 70 தான், அங்கேதான் பேஸ் கிட்டாரும் டிரம்மும் முழு வேகத்தில் வந்து விழுகின்றன. சில ஆம்ப்களில் இந்த நிலையைப் பார்த்துப் பயந்து பாதுகாப்பு சர்க்யூட் முன்கூட்டியே கரண்டை வெட்டும், அப்போது உச்சங்களில் ஒரு கரகரப்பு கேட்கும். ஸ்பீக்கரில்தான் பழுது என்று நினைத்துக்கொள்வோம்.

கடைக்காரர் சொன்ன 300 வாட்டைப் பற்றி ஒன்று. 150-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபெல், அவ்வளவுதான். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற சுமார் 10 டெசிபெல் வேண்டும், அதற்கு 10 மடங்கு வாட்ஸ் ஆகும்.

என் தேர்வு மூன்றாவது அல்லது நான்காவது. மூன்றாவதில் உங்கள் தேவைக்கு மேல் மிச்சம் 1 டெசிபெல்கூட இல்லை, அது ஒன்றுதான் அதன் குறை. அடக்கமாகவே கேட்பேன் என்றால் போதும். நான்காவது 8 ஓமிலும் 4 ஓமிலும் அதே 40 வோல்ட்டைப் பிடித்து நிற்கிறது, 6 டெசிபெல் மிச்சம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பழைய கிளாஸ் டி ஆம்ப்கள் பலவற்றில் அவுட்புட் ஃபில்டருக்கு முன்னால் இருந்தே ஃபீட்பேக் (அவுட்புட்டைத் திருப்பி ஒப்பிட்டுப் பிழை திருத்துவது) எடுத்தார்கள், அதனால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸுக்குத் தக்கபடி ட்ரெபிள் ஏறும் இறங்கும். ஹைபெக்ஸின் என்கோர், பியூரிஃபையின் ஐகன்டாக்ட் போன்ற மாட்யூல்களில் ஃபில்டரையும் ஃபீட்பேக்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் ரெஸ்பான்ஸ் அசையாது. நீங்கள் பார்க்கும் ஆம்ப்பில் எந்த மாட்யூல் என்று கேட்டுப் பாருங்கள்.

வால்வு ரசிகன்:

வால்வு ஆம்ப்போடு வாழ்கிறவன் என்ற முறையில் நான் சொல்கிறேன், இந்த ஸ்பீக்கருக்கு அந்த 35 வாட் ஆம்ப்பை வாங்காதீர்கள்.

காரணம் வாட்ஸ் மட்டும் இல்லை. வாட்ஸ் பற்றாது என்பதும் உண்மைதான், 4 ஓம் டேப்பில் (4 ஓம் ஸ்பீக்கருக்கான அவுட்புட் இணைப்பு) 35 வாட் என்றால் 11.8 வோல்ட், செப்புச்சுருள் போட்ட கணக்குப்படி உங்கள் இருக்கையில் 95 டெசிபெலுக்கு மேல் உச்சம் போகாது. பாட்டும் வீணையும் கேட்க அது போதும் என்றுகூடச் சொல்வேன். பெரிய பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

வால்வு ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்புக்கு உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்காது, 1 ஓம், 2 ஓம், சிலவற்றில் அதற்கும் மேலே. 2 ஓம் என்று வைத்து உங்கள் ஸ்பீக்கருக்குப் போட்டுப் பாருங்கள். 2.9 ஓம் இடத்தில் ஆம்ப் கொடுக்கும் வோல்டேஜில் ஐந்தில் மூன்று பங்குதான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும், 4.5 டெசிபெல் நஷ்டம். 20 ஓம் இடத்தில் நஷ்டம் 0.8 டெசிபெல்தான். ஆக 110 ஹெர்ட்ஸைவிட 2 கிலோஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 3.7 டெசிபெல் தூக்கிக் கேட்கும். ஒருவர் கீழ்ப்பக்கம் பேஸ் குமிழைக் குறைத்து மேலே ப்ரெசன்ஸ் குமிழைத் திருகி வைத்த மாதிரி. உங்கள் ஸ்பீக்கரை வடிவமைத்தவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கிராஸ்ஓவரில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் சர்க்யூட்) சமன்செய்து வைத்த அளவுகள் எல்லாம் போச்சு. சிலருக்கு அந்தச் சுவை பிடிக்கலாம், ஆனால் அது இந்த ஸ்பீக்கரின் குரல் இல்லை. அதையே 0.05 ஓம் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் செய்தால் வித்தியாசம் 0.1 டெசிபெல் பக்கம்தான் வரும்.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, அவர் வேறு ஸ்பீக்கரை மனதில் வைத்துச் சொல்கிறார். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரை எடுங்கள், சென்சிடிவிட்டி 83-ஐத் தாண்டாது, ஆனால் ஆரம்பப் பதிப்பு 15 ஓம். கரண்டே கேட்காது. சின்ன அறையில் நடுத்தர வால்வு ஆம்ப்போடு அது பாடுவதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். 1957-இல் வந்த குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக்கை அந்தக் காலத்தில் 15 வாட் குவாட் வால்வு ஆம்ப்போடுதான் கேட்டார்கள். மறுபக்கம் 1980-களில் அபோஜி சின்டில்லா என்று ஒன்று வந்தது, 1 ஓம் இம்பீடன்ஸ், அதைப் பெரும்பாலான ஆம்ப்களால் ஓட்டவே முடியவில்லை, கிரெல் மாதிரி இம்பீடன்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும் வாட்ஸை இரட்டிப்பாக்கும் ஆம்ப்களைத் தேடிப் போனார்கள். ஸ்பீக்கர்தான் முதலில், ஆம்ப் அதற்கு ஏற்ப வருவது.

300பி ஒற்றை வால்வு ஆம்ப் 8 வாட் கொடுக்கும், 98 டெசிபெல் ஹார்ன் ஸ்பீக்கருக்கு அது தாராளம். உங்கள் ஸ்பீக்கருக்கு அதே சத்தம் வேண்டுமென்றால் 30 மடங்கு வாட்ஸ் ஆகும். வால்வு மேல் ஆசை தீரவில்லை என்றால் பிற்பாடு ஒரு வால்வு ப்ரீ ஆம்ப் சேர்த்துக்கொள்ளுங்கள், அதன் அவுட்புட் இம்பீடன்ஸைப் போலப் பத்து மடங்காவது பவர் ஆம்ப்பின் இன்புட் இம்பீடன்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு.

அலைவரிசை:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. வால்வு ரசிகன் சார், நீங்களே வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பெரிய உதவி, அந்த ஒன்றைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன்.

இன்னும் மூன்று சந்தேகம். அந்த 60 வாட் ஆம்ப்பிலேயே இரண்டு வாங்கி பிரிட்ஜ் செய்தால் வாட்ஸ் எகிறும் என்கிறார் கடைக்காரர், செய்யலாமா? கிளாஸ் டி ஆம்ப்பில் டேம்பிங் ஃபேக்டர் 1000 என்று போட்டிருக்கிறது, 60 வாட்டில் 160 தான், பேஸில் இது தெரியுமா? அப்புறம் சின்ன ஆம்ப் ட்வீட்டரை எரித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள், அது நிஜமா?

செப்புச்சுருள்:

பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். பிரிட்ஜ் செய்தால் இரண்டு சேனலும் ஸ்பீக்கரை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுக்கின்றன, ஒவ்வொரு சேனலுக்கும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் பாதியாகத் தெரியும். உங்கள் 2.9 ஓம் 1.45 ஆகிவிடும், 70 ஹெர்ட்ஸ் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். அது 8 ஓம், 16 ஓம் ஸ்பீக்கருக்கான வித்தை. இரண்டு ஆம்ப் வைத்து வூஃபருக்கு ஒன்று, மேலே ஒன்று என்று பை-ஆம்ப் செய்வதும் கிராஸ்ஓவர் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கும்வரை வோல்டேஜைக் கூட்டாது, கிளிப் ஆகும் (வோல்டேஜ் எல்லையைத் தொட்டு அலை வெட்டுப்படும்) இடம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அந்தப் பணத்தில் ஒரு பெரிய ஆம்ப் வாங்கலாம்.

டேம்பிங் ஃபேக்டர் என்பது 8 ஓமை ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸால் வகுத்த எண்: 1000 என்றால் அவுட்புட் இம்பீடன்ஸ் 0.008 ஓம், 160 என்றால் 0.05. இப்போது கேபிளைச் சேருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 3 மீட்டர், போக வர 6 மீட்டர், 0.04 ஓம். ஸ்பீக்கருக்குள் வூஃபருக்கு முன்னால் இருக்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் பல நேரம் இதைவிட அதிகம், வூஃபர் வாய்ஸ் காயிலுக்கே சில ஓம். கோனைப் பிடித்து நிறுத்தும் கரண்ட் இவை அத்தனையையும் தாண்டித்தான் போக வேண்டும், அதில் ஆம்ப்பின் 0.008-க்கும் 0.05-க்கும் உள்ள வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது? வால்வு ஆம்ப்பின் 4-க்கும் டிரான்சிஸ்டரின் 160-க்கும் வித்தியாசம் உண்டு. 160-க்கும் 1000-க்கும் இல்லை. கேபிளை 4 சதுர மில்லிமீட்டராக எடுங்கள், போதும்.

ட்வீட்டர் விஷயம் நிஜம், ஆனால் சின்ன ஆம்ப்பாக இருப்பதால் இல்லை, அதன் எல்லையைத் தாண்டித் திருகுவதால். கிளிப் ஆகும்போது உச்சங்கள் வெட்டுப்பட்டு நின்றுவிடும், நீங்கள் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனால் உச்சத்துக்குக் கீழே இருக்கும் சத்தமெல்லாம் ஏறிக்கொண்டே வரும், கூடவே வெட்டுப்பட்ட அலையில் புதிதாக உயர் ஃப்ரீக்வன்சிகள் முளைக்கும். ட்வீட்டர் தொடர்ந்து தாங்கக்கூடியது சொற்ப வாட்தான், மெல்லிய வாய்ஸ் காயில் அது. பார்ட்டியில் நான்கு மணி நேரம் ஆம்ப் அலறினால் காயில் போகும். நீங்கள் சொன்ன அளவில் கேட்டால் 60 வாட் ஆம்ப்பில் அந்த நிலையே வராது.

எதிரொலி:

யாரும் அறையைப் பற்றி எழுதவில்லையே, அது ஆம்ப் தேர்வையும் பாதிக்கும் என்பதால் சுருக்கமாக.

100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சாதாரண அறையில் 10 டெசிபெல் மேடு பள்ளம் சகஜம். நாம் இங்கே 0.1 டெசிபெலுக்கு வாதாடுகிறோம். பிற்பாடு நீங்கள் ரூம் கரெக்ஷன் (அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் மென்பொருள்) போடுவீர்கள் என்றால், மேடுகளைக் குறைக்கலாம், அதற்கு வாட்ஸ் செலவே இல்லை. பள்ளத்தை நிரப்பக் கிளம்பினால் 6 டெசிபெல் ஏற்றுவதற்கு அந்த ஃப்ரீக்வன்சியில் 4 மடங்கு வாட்ஸ் போகும், அதுவும் அறையே விழுங்கிவிடும் பள்ளமாக இருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது. அப்படி ஏற்றும் எண்ணம் இருந்தால் 60 வாட் பற்றாது.

இன்னொரு வழி, ஒரு நல்ல சப்வூஃபர் சேர்த்து ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழே உள்ளதைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் வைப்பது. அந்த 70 ஹெர்ட்ஸ் இடத்தின் சுமை ஆம்ப்பின் தலையில் இருந்து பெருமளவு இறங்கிவிடும், 110 ஹெர்ட்ஸின் 2.9 ஓம் மட்டும் மிச்சம். சப் இருந்தால் என் ஓட்டு 60 வாட்டுக்கே.

கீழ்சுருதி:

கணக்கெல்லாம் சரி, ஆனால் இரண்டு ஆம்ப்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்க முடிந்தால் கேளுங்கள், கேட்பதை ஒழுங்காகக் கேளுங்கள். ஒரு ஆம்ப் அரை டெசிபெல் கூடுதலாக ஓடினாலே அதைச் சத்தம் என்று மூளை எடுத்துக்கொள்ளாது, "தெளிவு" என்றும் "உயிர்ப்பு" என்றும்தான் எடுத்துக்கொள்ளும். பல சண்டைகளுக்கு இதுதான் மூலம் என்பது என் திடமான கருத்து.

செய்ய வேண்டியது எளிது. 60 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளங்கள். முதல் ஆம்ப்பில் 2.00 வோல்ட் வருமாறு வால்யூமை வைத்தால் இரண்டாவதிலும் 2.00, அதிகபட்சம் 2.02. அந்த 0.02 தான் 0.1 டெசிபெல். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வேண்டாம், சாதாரண மல்டிமீட்டர்கள் மின்சார லைனின் 50, 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்தவை, மேலே போகப் போகத் தவறாகக் காட்டும். மீட்டரின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டெர்மினலை ஷார்ட் செய்தால் ஆம்ப் போய்விடும். எந்த ஆம்ப் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் யாரையாவது மாற்றி மாட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

அப்படிச் சமன்செய்தபின், இரண்டும் எல்லைக்குள் ஓடும்போது வித்தியாசம் மிகச் சிறியதாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். வித்தியாசம் வெளிப்படுவது உச்சத்தில். அதனால் மெல்லிய குரல் பாட்டோடு நிறுத்தாமல், நீங்கள் வாழ்க்கையில் அதிகபட்சம் எவ்வளவு ஏற்றுவீர்களோ அந்த அளவில், தாளவாத்தியம் நிறைந்த ரெக்கார்டிங்கைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். அடிகளின் முனை மழுங்குகிறதா, பல வாத்தியங்கள் சேரும்போது குவியலாகிவிடுகிறதா, ஆம்ப்பின் மேல்மூடி கை வைக்க முடியாத அளவு சுடுகிறதா. 100/130 ஆம்ப்பையும் கடனாக வாங்க முடிந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள், இந்த ஸ்பீக்கரில் அது எங்கே திணறுகிறது என்பது கேட்டாலே புரிந்துவிடும்.

வால்வு ரசிகன்:

கீழ்சுருதி, எல்லா ஆம்ப்பும் ஒன்றுதான் என்ற இடத்துக்கு நீங்கள் போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு வார்த்தை. அவுட்புட் இம்பீடன்ஸ் குறைவான, டிஸ்டார்ஷன் குறைவான, எல்லைக்குள் ஓடும் இரண்டு ஆம்ப்கள் என்றால் உங்களோடு ஒத்துப்போகிறேன். என் வால்வு ஆம்ப் அந்த வரையறைக்குள் வராது, அதனால்தான் அது வேறாகக் கேட்கிறது, அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கேற்ற ஸ்பீக்கரோடு வைத்திருக்கிறேன்.

அலைவரிசை:

60 வாட், கிளாஸ் டி இரண்டையும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள், மூன்றாவதாக அந்த 100/130-ஐயும் கேட்டுப் பார்க்கிறேன். சப்வூஃபர் இப்போதைக்கு இல்லை, அதனால் மனம் கிளாஸ் டி பக்கம் சாய்கிறது. கடைசியாக ஒன்று: கிளாஸ் டி ஆம்ப்பில் கெயின் 26 டெசிபெல் என்று இருக்கிறது, என் டிஏசி எக்ஸ்எல்ஆர் இணைப்பில் 4 வோல்ட் கொடுக்கும், வால்யூம் அதிலேயே இருக்கிறது. நேராக மாட்டலாமா, ப்ரீ ஆம்ப் வேண்டுமா?

செப்புச்சுருள்:

நேராக மாட்டலாம். 26 டெசிபெல் என்றால் 20 மடங்கு. உங்களுக்கு வேண்டிய 20 வோல்ட்டுக்கு டிஏசியில் இருந்து 1 வோல்ட் போதும், அதாவது டிஏசி வால்யூமில் மைனஸ் 12 டெசிபெல்தான் நீங்கள் போகும் உச்சம், வழக்கமாகக் கேட்பது அதற்கும் வெகு கீழே. ப்ரீ ஆம்ப் சேர்த்து அதற்கு மேல் ஏற்றிக் கொடுக்க இங்கே எதுவும் இல்லை. ஆம்ப்பில் கெயின் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் குறைத்து வையுங்கள், டிஏசி வால்யூம் சற்று மேலே ஏறி வேலை செய்யும், ட்வீட்டர் பக்கத்தில் காதை வைத்தால் கேட்கும் இரைச்சலும் குறையும். 86 டெசிபெல் ஸ்பீக்கரில் அந்த இரைச்சல் இருக்கைவரை வராது, ஹார்ன் ஸ்பீக்கர் என்றால் வேறு கதை.

கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. டிஏசி முழு வால்யூமில் இருந்தால் 4 வோல்ட் கொடுக்கும், ஆம்ப் 80 வோல்ட் கொடுக்கப் பார்த்து 40-இல் கிளிப் ஆகி உங்கள் ஸ்பீக்கர் மேல் கொட்டும். சில டிஏசிகள் ரீசெட் ஆனாலோ மென்பொருள் மாறினாலோ வால்யூமை முழுசுக்குக் கொண்டுபோய்விடும், கணினியில் சில பிளேயர்கள் வால்யூமைத் தாங்களே எடுத்துக்கொண்டு டிஏசியை முழுசில் வைத்துவிடும். டிஏசியில் அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் மைனஸ் 10-இல் பூட்டிவிடுங்கள். போடும்போது டிஏசி முதலில், ஆம்ப் கடைசியில், நிறுத்தும்போது ஆம்ப் முதலில். முதல் பாட்டை மைனஸ் 40-இல் ஆரம்பியுங்கள், மென்மையாகக் கேட்கும், அங்கிருந்து ஏற்றிக்கொண்டு போகலாம்.